ஓடைத் தண்ணீரில் கிண்டிய களி

மரம் அறுப்பவர்களின் கொட்டகைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுதாக இருந்திருக்க வேண்டும். ஊகித்துத்தான் சொல்கிறேன். சிப்பெரோனி என்கிற மழைமூட்டம் இறங்கிவிட்டால் முலாஞ்சே மலையில் காலையும் மாலையும் ஒன்றுதான். எங்கு பார்த்தாலும் வெள்ளை மூட்டம், அதற்குள்ளேயே ஊசித் தூறல். முன்னால் நடக்கிற ஆளின் முதுகு தெரியும், கால் தெரியாது.

மூன்று பேர் போயிருந்தோம். முன்னால் நான், என் பேர் நசிபேகோ. மலையேற வருகிற வெளியூர்க்காரர்களுக்குக் கூடவே போய்ச் சமைத்துப் போடுவது என் பிழைப்பு. எனக்குப் பின்னால் நம்பேவே, என் அடுத்த வீட்டுக்காரி. கடைசியில் அவள் தம்பி லைட்டோனி, முதுகில் மஞ்சள் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு வந்தான். அவன் மலைச்சுமை தூக்கிப் பழகியவன். வாய் ஓயாதவன். அன்றைக்குக் கடைசிச் சரிவு முழுக்க அவன் பேசவே இல்லை, மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கொட்டகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு கம்பம், தகரக் கூரை, காற்றடிக்கிற பக்கம் மட்டும் பலகைச் சுவர். நடுவில் அடுப்புக்கு மூன்று கல். ஒரு மாதமாக அங்கே யாரும் தங்குவதில்லை. பாரத்தை இறக்கிவிட்டு நான் அடுப்புக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சமைக்கிறவளின் கை முதலில் அங்கேதான் போகும், ஈரமா காய்ந்திருக்கிறதா என்று பார்க்க.

கல் சூடாக இருந்தது.

சாம்பல் இல்லை. கரித்துண்டு இல்லை. சுற்றிலும் தரை நனைந்து சேறாகக் கிடந்தது. கல் மட்டும், இப்போதுதான் சட்டியை இறக்கிய மாதிரி.

"யாராச்சும் வந்துட்டுப் போயிருப்பாங்களாக்கா?" என்றான் லைட்டோனி.

"வந்தாங்களோ போனாங்களோ. நீ வெறக எடு."

நம்பேவே அடுப்பருகே வந்தாள். கல்லின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஆசை இருந்தது. 

ஜைலோசி அவள் புருஷன். மேலே அறுக்கிற தேவதாருப் பலகைகளைத் தலையில் சுமந்து அடிவாரத்து லிக்குபுலாவுக்கு இறக்குவது அவன் வேலை. போன மாதம் ஆட்கள் கூட்டமாக இறங்கும்போது, சும்மாடு நழுவுகிறது, கட்டிக்கொண்டு வருகிறேன் என்று இந்தக் கொட்டகையில் பின்தங்கினான். மூட்டம் வந்து மூடியது. திரும்பிப் போய்ப் பார்த்தவர்களுக்குப் பலகை கிடைத்தது. ஒழுங்காகச் சுவரில் சாய்த்து, சும்மாட்டை அதன் மேல் வைத்திருந்தது. ஆளைக் காணவில்லை. பள்ளம் பள்ளமாகத் தேடியும் ஒரு துணி கூட அகப்படவில்லை.

மலையில் இருப்பவர்களைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். பாறை மேல் சுடச்சுடச் சாப்பாடு இருந்தால், பசித்தால் பேசாமல் சாப்பிடலாம், இல்லையென்றால் பேசாமல் தாண்டிப் போகலாம். யாருடையது என்று கேட்கக் கூடாது. கீழே எடுத்து வரக் கூடாது. அந்தச் சாப்பாட்டில் எல்லாம் இருக்கும், உப்பு மட்டும் இருக்காது. நாள் கணக்கில் அதைச் சாப்பிட்டவனுக்கு வீட்டு வழி மறந்துபோகும். அவனைத் திரும்பக் கூப்பிட ஒரே ஒரு முறைதான் உண்டு. அவன் வீட்டுச் சட்டியில், அவன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில், வீட்டு உப்பைப் போட்டுச் சமைத்து, கடைசியாக அவனைப் பார்த்த இடத்தில் பரிமாற வேண்டும். உப்பு நாக்கில் பட்டு அவன் அழுதால் வந்துவிட்டான் என்று அர்த்தம். எந்தத் தண்ணீரில் சமைக்கிறோமோ அந்தத் தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் வழி திறக்கும் என்பார்கள்.

இதெல்லாம் எனக்கும் சின்ன வயதிலிருந்து தெரியும். நம்பினேனா என்று கேட்டால், அடுப்பு மூட்டுகிறவளுக்கு அடுப்பைப் பற்றின கவலையே போதும். ஆனால் ஜைலோசியின் மாமன்மார் நாள் குறித்துவிட்டார்கள். உடம்பு கிடைக்காததால் வாழைத்தண்டுக்குத் துணி சுற்றி, அவன் பேரைச் சொல்லி மறுநாள் புதைப்பதாக ஏற்பாடு. புதைத்தவனைக் கூப்பிட முடியாது. நம்பேவேக்கு இருந்தது அந்த ஒரு பகல்தான்.

காலையில் அவள் வீட்டு வாசலில் பாத்திரத்துக்காகப் பெரிய சண்டையே நடந்தது. மலைக்கு நான் எடுத்துப் போவது மெல்லிய அலுமினியச் சட்டி. சீக்கிரம் சூடேறும், மூடி இறுக்கமாக உட்காரும், உள்ளேயே தட்டும் கரண்டியும் அடங்கிவிடும். கரி பிடிக்காமலிருக்க வெளியே சேறு பூசிக்கொள்வேன். நம்பேவே தூக்கி வந்தது கல்யாணத்தின்போது வந்த வார்ப்புச் சட்டி. கனம் என்றால் அப்படிக் கனம், கரி ஒரு விரல் தடிப்பு, மூடியில் பிடி இல்லை.

"இத வச்சு மேல களி கிண்டறதுக்குள்ள எனக்கு முடி நரைச்சிடும்டி" என்றேன்.

"இதுலதாங்க்கா அவரு இத்தன வருஷம் சாப்பிட்டாரு."

 சட்டியை என் தலையில் வைத்துக்கொண்டேன். பயறு மேலே வேகாது என்பதால் வீட்டிலேயே முக்கால் வேக்காடு வைத்துத் துணியில் முடிந்துகொண்டேன். மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு பத்தாது. வெளியூர்க்காரர்கள் எத்தனை பேர் கல்லுக் கல்லாகப் பயறு தின்றிருக்கிறார்கள், எனக்குத் தெரியும்.

லைட்டோனி கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போற மாதிரில்ல இருக்கு. மலை பூரா ஓடையா ஓடுது, நம்ம கெணத்துலேர்ந்து தண்ணி சொமக்கறோம்."

"உங்க மாமா ஓடையில போயா பொறந்தாரு? தூக்குடா" என்றாள் அவன் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அது ஒன்றுதான்.

விறகு ஈரம். பிசின் பிடித்த தேவதாருச் சிராயை அடியில் வைத்து ஊதி ஊதிப் பற்ற வைத்தேன். புகை மேலே போகாமல் எங்களைச் சுற்றியே நின்றது. கேனைத் திறந்து சட்டியில் தண்ணீரைச் சாய்த்தேன். விரலில் கொஞ்சம் பட்டது.

பனிக்கட்டி போலிருந்தது.

காலையிலிருந்து ஒரு ஆளின் முதுகில் ஒட்டி வந்த தண்ணீர் அப்படி இருக்காது. உடம்புச் சூட்டில் வெதுவெதுவென்று இருக்கும், குடித்தால் கேன் நாற்றம் அடிக்கும். நான் லைட்டோனியைப் பார்த்தேன். அவன் விறகுக் குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தான், ஒடித்ததையே மறுபடி ஒடித்துக்கொண்டிருந்தான். இந்தத் தூறலில் எதுதான் சில்லிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாவைக் கையில் எடுத்தேன்.

களி இறுகி வரும்போது வாசம் வந்தது. எங்கள் சட்டியிலிருந்து இல்லை. மூட்டத்துக்குள்ளிருந்து. நிலக்கடலை மாவு போட்டு வேகவைத்த பரங்கிக் கீரை, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வயிறு தானாக இரைந்தது. துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேன். தூறல் சத்தம் இல்லை. தகரக் கூரையில் எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. ஒரு பறவை கூடக் கத்தவில்லை.

நம்பேவே என் முழங்கையைத் தொட்டாள்.

கொட்டகைக்கு வெளியே, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை மேல், இலையில் வைத்து மூடிய சாப்பாடு இருந்தது. நாங்கள் வந்தபோது அந்தக் கட்டை வெறுமையாக இருந்தது. லைட்டோனி அதன் மேல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியிருந்தான்.

"பாக்காத" என்றேன் மெதுவாக. "பேசாத. நீ பரிமாறு."

அவள் துடுப்பைத் தண்ணீரில் நனைத்து, களியை வழித்து உருண்டை உருண்டையாகத் தட்டில் அடுக்கினாள். பயறில் உப்பைப் போட்டாள். கொட்டகையின் திறந்த பக்கத்தில் தட்டை வைத்தாள். கைகழுவக் கேனை எடுத்துத் தயாராக நின்றாள். பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சோறு தயார் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"சாப்பிட வாங்க" என்றாள்.

மூட்டத்துக்குள் பலகை மேல் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. அங்கே பலகையே கிடையாது. ஈரப் புல்தான்.

ஒரு அடி. இன்னொரு அடி.

ஜைலோசி வந்து கூரைக்குக் கீழே குனிந்து நுழைந்தான்.

"ஏன் இப்படிப் பொகையில உக்காந்திருக்கீங்க?" என்றான், சந்தையிலிருந்து திரும்பியவன் மாதிரி.

நம்பேவே அழ ஆரம்பித்தாள், சத்தமே வராமல். எனக்கும் கண் கலங்கியதை மறைக்க மாட்டேன். ஒரு மாதம் மலையில் கிடந்தவன். காணாமல் போன நாளில் போட்டிருந்த அதே பச்சைச் சட்டை. அவன்தான், சந்தேகமே இல்லை, இடது புருவத்துத் தழும்பு வரை அவன்தான். ஆனால் அவன் சதை போட்டிருந்தான். கன்னம் உருண்டு, கழுத்து தடித்து, தோல் எண்ணெய் தேய்த்தது போல் மின்னியது. அந்த மூட்டத்தில் நடந்து வந்தவனின் தலைமுடியில் ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் கேனைச் சாய்த்தாள். அவன் இரண்டு கையையும் நீட்டினான். தண்ணீர் அவன் கைமேல் விழுந்தது.

கீழே விழவில்லை.

மறுபடி ஊற்றினாள். கை அதையும் வாங்கிக்கொண்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

அவன் உட்கார்ந்து களியை உருட்டிப் பயறில் தொட்டு வாயில் போட்டான். நாங்கள் மூன்று பேரும் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் நிதானமாக மென்றான்.

"உப்பே இல்லியே" என்றான்.

அவள் போட்டதை நான் பார்த்தேன். இன்னொரு கை அள்ளிப் போட்டாள். அவன் தின்றான்.

"உப்பு போடு நம்பேவே."

பொட்டலத்தையே கவிழ்த்தாள். பயறின் மேல் வெள்ளையாகக் குவிந்து நின்றது. அதை அப்படியே தொட்டுத் தொட்டுத் தின்றான். அவன் கண்ணில் ஈரம் வரவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. நிறுத்தாமல், அவசரப்படாமல் தின்றுகொண்டே இருந்தான்.

என் முந்தானையை யாரோ இழுத்தார்கள். லைட்டோனி. உதடு வெளுத்திருந்தது.

"அக்கா. தண்ணிய நான் கீழேயே கொட்டிட்டேன்."

"என்ன சொல்ற?"

"மொதல் ஆத்துக்கிட்ட செருப்பு வார் அந்துபோச்சுன்னு நின்னேன்ல. அப்பக் கொட்டிட்டேன். மேல வந்து ஓடையில புடிச்சுக்கிட்டேன். தண்ணிதானேக்கா. எல்லாம் ஒரே தண்ணிதானேன்னு."

 மலைச்சுமை தூக்குகிற எவனும் செய்கிற வேலை அது. அடிவாரத்தில் கேனைக் கவிழ்த்துவிட்டு மேலே ஓடையில் நிரப்பிக்கொள்வார்கள், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. முதுகுக்கு ஆறு மணி நேரச் சுகம். யாருக்கும் அதனால் ஒரு நாளும் கெடுதல் வந்ததில்லை.

நம்பேவேயைச் சுவரோரமாக இழுத்து, காதோடு காதாகச் சொன்னேன். "இது மலைத் தண்ணி. வழி நம்ம வீட்டுக்குத் தெறக்கல. மலைக்குத்தான் தெறந்திருக்கு. எழுந்திரு, சட்டியக் கவுத்துட்டு எறங்கிடுவோம். வீட்டுத் தண்ணியோட மறுபடி வருவோம்."

"எப்பக்கா மறுபடி? நாளைக்குக் காலையில பொதைச்சிடுவாங்க."

"அவங்க கால்ல விழுந்து தடுக்கறேன்."

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அது அவனுடைய சிரிப்புதான், அதையும் சொல்ல வேண்டும்.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் என்ன, மொழம் என்ன. பிள்ளைங்க அப்பா எங்கன்னு கேக்குதுங்கக்கா. நான் வாழைத்தண்டக் காட்டவா?" என்றாள் என்னிடம்.

அவள் போய் அவன் கையைப் பிடித்தாள். "வீட்டுக்குப் போலாம் வாங்க" என்றாள்.

அவன் எழுந்தான். சட்டியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். அவ்வளவு தின்ற பிறகும் சட்டி குறையவில்லை, அவன் தூக்கும்போது எட்டிப் பார்த்தேன். விளிம்பு வரை களி. ஆவி பறந்தது.

அதைக் கீழே கொண்டு போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் திருவிழா மாதிரிதான். பெண்கள் குலவையிட்டார்கள். துணி சுற்றி வைத்திருந்த வாழைத்தண்டை மாமன்மாரே தூக்கி ஆட்டுக்குப் போட்டார்கள். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லைட்டோனி மட்டும் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, அக்கா வீட்டுக் கிணற்றில் கேனை நிரப்பிக்கொண்டு தனியாக மலையேறினான். சரியாகச் செய்யணும்க்கா என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். கேனைக் கொட்டகையில் பார்த்ததாகப் பலகைக்காரர்கள் சொன்னார்கள். மூடி திறக்காமல், நிறைய இருந்ததாம். அவனுக்காக மலையேறிச் சமைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் அக்கா அவனைத் தேடவே இல்லை.

மழைக்காலம் வந்தது. மழையோடு எங்கள் பக்கத்தில் பஞ்சமும் வரும். பழைய சோளம் தீர்ந்திருக்கும், புதுச் சோளம் முழங்கால் உயரம்தான் நிற்கும். அந்த மாதங்களில் ஊரே ஒரு வேளைக் கஞ்சியில் காலம் தள்ளும். பிள்ளைகளின் விலா எலும்பை எண்ணலாம். அந்த வருஷம் நம்பேவேயின் பிள்ளைகள் மட்டும் உருண்டையாக இருந்தன. அந்த வீட்டில் அடுப்புப் புகை கிளம்பி நான் பார்க்கவே இல்லை. அவள் மாவு மில்லுக்கு வருவதில்லை, விறகுக்குப் போவதில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய்விட்டேன். உள்ளே அடுப்புக்குள் புல் முளைத்திருந்தது. அதன் மேல் அந்த வார்ப்புச் சட்டி, ஆவி பறக்க. ஜைலோசி மூலையில் உட்கார்ந்திருந்தான், சுவரைப் பார்த்தபடி. பிள்ளைகள் அவனைச் சுற்றி அமைதியாக இருந்தன.

"கைய நீட்டுக்கா" என்றாள் நம்பேவே, செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு. அவளும் பெருத்திருந்தாள். குரல் மெத்தென்று ஆகியிருந்தது.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இது உனக்குச் சரியாப் படுதாடி?"

"பிள்ளைங்க பசியில அழறதில்லக்கா. ராத்திரி நிம்மதியாத் தூங்குதுங்க. அவரு வீட்டுலயே இருக்காரு. வேற என்ன வேணும் ஒருத்திக்கு?" செம்பைக் கீழே வைத்தாள். "லைட்டோனி மொகம்தான் மறந்துபோச்சு. எப்படி இருப்பான்க்கா அவன்?"

நான் வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது சும்மா இல்லை. முதலில் அடுத்த தெருப் பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தன. அப்புறம் பிள்ளைகளைத் தேடிப் போன தாய்மார்கள். அப்புறம் மாமன்மார். யாரையும் குறை சொல்ல மாட்டேன், வெறும் சட்டியைப் பிள்ளை முன்னால் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாலையில் எங்கள் சரிவில் வீட்டுக்கு வீடு புகை எழும்பும். அது ஒவ்வொன்றாக நின்றது. இரைச்சலாக இருந்த ஊர், சாப்பாட்டு நேரத்தில் கூடச் சத்தமில்லாமல் ஆனது. நாய்கள் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டன.

என் மகள் எலுபியை நான் வெளியே விடவில்லை. கதவைக் கட்டி வைத்தேன். என் பங்குக் கஞ்சியையும் அவளுக்கே ஊற்றினேன். பன்னிரண்டு வயசுப் பெண், மெலிந்து மெலிந்து கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அவளைக் காப்பாற்றிவிட்டால் போதும், சோளம் முற்றிவிட்டால் போதும் என்று நாளைத் தள்ளினேன். நேற்று வேருக்காகக் காட்டுக்குப் போய்த் திரும்பினேன். கதவில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து, ஒழுங்காகச் சுருட்டி வாசலில் வைத்திருந்தது.

அவள் உள்ளேதான் இருந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்கலம்மா" என்றாள்.

ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்தாள். அதற்கு நான் சந்தோஷப்பட்டேன், தாய் மனம் அது, ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டேன்.

மாவு தீர்ந்து நாளாயிற்று. வெறும் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஊரில் ஒரு வீட்டிலாவது புகை போகட்டும் என்று. எலுபி என் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். கோபமில்லை, அவசரமில்லை.

"அடுப்ப அணைச்சிடும்மா. அவங்களுக்குக் கண்ணு எரியுதாம்."

"எவங்களுக்குடி?"

அவள் என் பின்னால் பார்த்துச் சிரிக்கிறாள். நான் திரும்பவில்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவில் இலையால் மூடிய தட்டு ஒன்று இருக்கிறது. காலையில் அவள் கொண்டுவந்து வைத்தது. நான் தொடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, என் விறகு கடைசிக் கட்டைக்கு வந்துவிட்டது.

இலைக்கு அடியிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருக்கிறது.